சத்தமாகப் படிக்க வேண்டிய கடிதம்

தாராவி, மும்பை
12.6.2023

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை ஆறுமுகத்தாய் எழுதிக்கொள்வது. நான் இங்கே சுகம். உங்கள் சுகத்துக்கும் மதினி உலகம்மாளின் சுகத்துக்கும் பதில் போடவும். கண் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார்களா? காதுக்கு மிஷின் வைக்கச் சொல்லி நாலு வருஷமாகக் கத்துகிறேன். வைத்தால் கிழவன் என்று சொல்லிவிடுவார்களாம்! அதற்காக உங்களிடம் பேச வருகிறவன் எல்லாம் தெருவே அதிரக் கத்த வேண்டியிருக்கிறது. போனில் நான் ஒன்று கேட்டால் நீங்கள் வேறொன்று சொல்கிறீர்கள். அதனால்தான் இந்தக் காலத்திலும் தபால்பெட்டி தேடி சயான் வரைக்கும் நடக்கிறேன். மதினிதான் உள்வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உங்கள் வலது காதில் இதைப் படிப்பார்கள். அவர்களுக்குத் தனியாக என் கும்பிடு.

உங்கள் மகன் மாரீஸ்வரன், பெண்டாட்டி பிள்ளையோடு என் கல்லிக்கே, அதே சந்தில் எனக்கு நேர் எதிர் ரூமுக்குக் குடி வந்துவிட்டான். பேத்தி உலகுக்கு ஆறு வயசு. மதினி பெயரை வைத்ததாலோ என்னவோ, மூக்கும் முழியும் மதினியேதான். என் மடியில் உட்கார்ந்துதான் சாயா குடிப்பாள்.

சந்தோஷம்தான் அண்ணா. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மழை இன்னும் இறங்கவில்லை, கல்லியே வேகிறது. உங்கள் மருமகள் முத்துமாரி முழுக்கை நைட்டி போட்டு, கழுத்தில் துண்டு சுற்றிக்கொண்டு தண்ணீர் பிடிக்க வருகிறாள். "என்னட்டி இது, இந்த வெக்கையில?" என்றேன். "ஒண்ணுமில்ல சித்தி. குக்கர் ஆவி அடிச்சிட்டு" என்றாள். துண்டு விலகியபோது பார்த்தேன். ஆவி விரல் விரலாகப் பதியுமா?

கையை அடக்கச் சொல்லி அவனுக்கு இரண்டு வரி எழுதுங்கள். தகப்பன் சொன்னால் கேட்பான்.

உங்கள் தங்கை,
ஆறுமுகத்தாய்

*

கீழப்பாறைக்குளம்
30.6.2023

தங்கை ஆறுமுகத்தாய்க்கு அண்ணன் சொரிமுத்துவின் ஆசீர்வாதம். சாமி புண்ணியத்தில் இங்கே ஒரு குறையும் இல்லை. உன் முழங்கால் வலிக்குத் தைலம் அனுப்புகிறேன்.

நீ எழுதியதைக் கேட்டேன். புருஷன் பெண்டாட்டி என்றால் முன்னே பின்னே இருக்கும். அதை எதிர் ரூமிலிருந்து எட்டிப் பார்ப்பது உனக்கு அழகில்லை. உன் மதினி முப்பத்தைந்து வருஷமாக என்னோடு இருக்கிறாள். ஒரு நாளாவது முகம் சுளித்துப் பார்த்திருக்கிறாயா? பெண்பிள்ளை அப்படி இருந்தால் வீடு வீடாக இருக்கும்.

உன் மதினி போன வாரம் கிணற்றடியில் வழுக்கி விழுந்துவிட்டாள். இடது கையில் கட்டுப் போட்டிருக்கிறது. எழுதுவதற்கு வலது கை இருக்கிறது, அதனால் உனக்குக் கடிதம் தவறாது.

இப்படிக்கு,
சொரிமுத்து, ஊர்த் தலைவர்
எழுதியது: உலகம்மாள்

*

தாராவி
18.7.2023

அன்புள்ள அண்ணனுக்கு, தைலம் வந்து சேர்ந்தது. முழங்காலுக்குப் பரவாயில்லை. மதினி கை எப்படி இருக்கிறது? பாரம் தூக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

எங்கள் கல்லியில் ஒரு வழக்கம் உண்டு, உங்களுக்கு எழுதியதில்லை. பதினான்கு ரூம், அதில் நாம் நாலு வீடு, மராட்டிக்காரர்கள் மூன்று, மீதி உத்தரப் பிரதேசமும் பீகாரும். என்னோடு கார்கானாவில், பேக் தைக்கிற பட்டறையில், கைப்பிடி தைக்கும் ஷரீஃபுன்னிசா பக்கத்து ரூம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் மகள் சாதியாவை மாப்பிள்ளை அடித்தபோது, உள்ளே போய்த் தடுக்க ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. ஷரீஃபுன்னிசா எவர்சில்வர் தட்டையும் கரண்டியையும் எடுத்துப் போய் அந்தக் கதவுக்கு முன்னால் நின்று அடித்தாள். நாங்களும் போய் அடித்தோம். அவன் கை நின்றது. அதிலிருந்து எந்த வீட்டில் அடி விழுகிற சத்தம் கேட்டாலும் பெண்கள் தட்டோடு போய்விடுவோம். அதற்கு எந்த பாஷையும் தெரிய வேண்டியதில்லை. நான் மராட்டிக்காரி வீட்டு வாசலில் அடித்திருக்கிறேன், பீகார்க்காரி வீட்டு வாசலில் அடித்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உங்கள் மகன் ரூமிலிருந்து சத்தம் வந்தது. ஷரீஃபுன்னிசாதான் முதலில் ஓடினாள். நானும் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். கேரம் ஆடிக்கொண்டிருந்த நம் ஊர்க்காரப் பையன்கள் எழுந்து வந்து மறித்தார்கள். "நம்ம வீட்டு வாசல்ல வேத்து ஜனம் வந்து தட்டடிக்கதா? நீங்களும் கூட நிக்கியளே அக்கா, வெக்கமா இல்ல?" என்றான் ஒருத்தன்.

அண்ணா, நான் தட்டை இறக்கிவிட்டேன். உள்ளே முத்துமாரி குரல் கேட்கிறது, நான் கரண்டியைச் சேலையில் மறைத்துக்கொண்டு நிற்கிறேன். ஷரீஃபுன்னிசா என்னைப் பார்த்து, "என் மகளுக்காகத் தட்டு அடிச்சியே, உன் வீட்டுப் பொண்ணுன்னா கை வரலையா?" என்று ஹிந்தியில் கேட்டாள். இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. என்மேல் வருகிற கோபம், உங்கள் மகன்மேல் வருகிற கோபத்துக்குக் குறைந்ததில்லை.

உடனே அவனைக் கண்டித்து எழுதுங்கள்.

ஆறுமுகத்தாய்

*

கீழப்பாறைக்குளம்
6.8.2023

ஆறுமுகத்தாய்க்கு, நாங்கள் நலம்.

உன் கடிதத்தைக் கேட்டு ரத்தம் கொதித்துவிட்டது. வேற்று ஜனம் நம் வாசலில் தட்டு அடிப்பதா? நாலு ஜனம் சேர்ந்து வாழும் இடத்தில் ஒரு மரியாதை உண்டு. அவர்கள் பழக்கத்தில் நாம் தலையிடுவதில்லை. நம் பழக்கத்தில் அவர்களும் தலையிடக் கூடாது. குடும்ப விஷயம் தெருவுக்கு வராமல் இருப்பதுதான் நம் பண்பாடு.

தாராவியில் இருக்கும் நம் ஊர்ச் சங்கத்துக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். பைட்டக் என்று கூட்டம் போட்டுப் பேசி முடிப்பார்கள். அதற்குள் நீயோ முத்துமாரியோ போலீஸ் என்று பேச்செடுத்தால், இங்கே அவள் அப்பா வீட்டுக்கு ஊர் விலக்குத்தான். குழாய்த் தண்ணீரிலிருந்து கோயில் திருநீறு வரை நின்றுவிடும். என் கையெழுத்தும் முத்திரையும் வைத்த கடிதம் இல்லாமல் நம் ஜனத்துப் பெண் போலீஸ் படி ஏறியதில்லை. இனியும் ஏறக் கூடாது.

உலகம்மாளும் இதையேதான் சொல்கிறாள்.

சொரிமுத்து, ஊர்த் தலைவர்
எழுதியது: உலகம்மாள்

*

தாராவி
28.8.2023

அண்ணனுக்கு வணக்கம். மழையில் கல்லி முழுக்க முழங்கால் தண்ணீர். காய்ச்சல் வந்து போனது, இப்போது தேவலை. மதினி கைக்கட்டைப் பிரித்தார்களா?

உங்கள் பைட்டக் நடந்தது. சங்கக் கட்டடத்தில் இருபத்திரண்டு ஆம்பிளைகள் பாயில் உட்கார்ந்தார்கள். முத்துமாரியும் நானும் வாசலில் செருப்புகளோடு நின்றோம். அவளை ஒருத்தரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. உங்கள் மகன் அம்மன் படத்துக்கு முன்னால் சூடத்தை அணைத்து, இனி கை நீட்டமாட்டேன் என்று சத்தியம் செய்தான். செயலாளர் முத்துமாரியைப் பார்த்து, "அவன் கோவப்படுத மாதிரி நடக்காம பாத்துக்க தாயி" என்றார். அவ்வளவுதான், டீ வந்தது.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "அடிச்சவன் அவன், புத்தி இவளுக்கா?" என்று வாசலிலிருந்தே கேட்டேன். "நம்ம பண்பாடு தெரியாம பேசாதிய" என்றார்கள். எந்தப் பண்பாடு அண்ணா? எங்கள் கல்லியில் ஈதுக்கு ஷரீஃபுன்னிசா வீட்டு சேமியா வரும், கணபதிக்கு மராட்டிக்காரி வீட்டு மோதகம் வரும், கோயில் கொடைக்கு நம் பொங்கல் பதினான்கு ரூமுக்கும் போகும். இதைப் பழக்கம் என்று சொன்னால் நான் தலை குனிந்து ஏற்றுக்கொள்வேன். பெண்டாட்டியைச் சுவரில் மோதுவதையும் அதே வரிசையில் வைத்து, எங்கள் பழக்கம், நீ தலையிடாதே என்றால் வயிறு எரிகிறது. அடிக்கிற ஆள் எல்லா ஜனத்திலும் இருக்கிறான். அந்தந்த ஜனம் அவனை மூடி மறைக்கிறது.

தாய் பேரை வைத்த பிள்ளையை வாடி போடி என்றுகூடக் கூப்பிடாமல் 'ஆத்தா' என்பதுதானே நம் வழக்கம்? உங்கள் மகன் நேற்று உலகுமேல் செருப்பை எடுத்து எறிந்தான். சத்தியம் செய்து ஒன்பது நாள்கூட ஆகவில்லை.

பதில் போடுங்கள்.

ஆறுமுகத்தாய்

*

தாராவி
26.9.2023

அண்ணனுக்கு,

ஒரு மாதமாகப் பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நானும் ஷரீஃபுன்னிசாவும் கார்கானாவிலிருந்து திரும்பி வந்தோம். மாரீஸ்வரன் ரூம் உள்ளே தாழ் போட்டிருந்தது. உள்ளேயிருந்து தட்டுச் சத்தம். யார் அடிக்கிறார்கள் என்று முதலில் புரியவில்லை. உலகுதான். அம்மாவைச் சுவரோடு சேர்த்துக் கழுத்தைப் பிடித்திருக்கிறான். பிள்ளை தான் சாப்பிடுகிற தட்டை எடுத்து, எங்களைப் பார்த்துப் பழகிய மாதிரி, கரண்டியால் அடித்துக் கூப்பிட்டிருக்கிறது. அவன் தட்டைப் பிடுங்கி, பிள்ளையின் கையை முறுக்கிவிட்டான். இடது கை. மணிக்கட்டுக்கு மேலே இரண்டு இடத்தில் எலும்பு உடைந்திருக்கிறது.

பதினான்கு ரூம் பெண்களும் அடித்தோம். இந்தத் தடவை நானும் அடித்தேன், தட்டு நெளியும்வரை அடித்தேன். கேரம் பையன்கள் மறிக்க வந்தார்கள். கரண்டியை ஓங்கியதும் ஒதுங்கிவிட்டார்கள். கடைசியில் அவனே தாழைத் திறந்தான். ஆறு வயசுப் பிள்ளைக்கு வந்த தைரியம் எனக்கு ஜூலையிலேயே வந்திருந்தால் அந்தக் கை முழுசாக இருந்திருக்கும்.

இப்போது இரண்டு பேரும் என் ரூமில்தான். புகார் எழுதித் தர பெண்கள் உதவி மையத்து மேடம் தயார். சட்டத்துக்கு உங்கள் கடிதம் தேவையே இல்லை என்கிறார். ஆனால் முத்துமாரி மறுக்கிறாள். "எங்க அப்பாவ ஊரு விலக்கிருவாவ சித்தி. தலைவர் கடுதாசி வரட்டும்" என்கிறாள். சங்கமும் அதையேதான் சொல்கிறது. கடிதம் வராவிட்டால் வருகிற மாதம் அவளை அவன் ரூமில் கொண்டுபோய் விடுவதாக முடிவு. அந்தப் பிள்ளை மறுபடி அந்தத் தாழ்ப்பாளுக்கு உள்ளே போகுமா போகாதா என்பது உங்கள் முத்திரையில் இருக்கிறது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். மதினி கிணற்றடியில் வழுக்கி விழுந்ததாக எழுதியிருந்தீர்கள். நம் வீட்டுக் கிணற்றைத் தூர்த்துப் பதினைந்து வருஷம் ஆகிறது. அதன்மேல்தான் உங்கள் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. எந்தக் கிணறு அண்ணா?

ஆறுமுகத்தாய்

*

கீழப்பாறைக்குளம்
9.10.2023

தங்கை ஆறுமுகத்தாய்க்கும், தாராவி சங்கத்தாருக்கும், ஊர்த் தலைவர் சொரிமுத்து தெரிவிப்பது.

என் மகன் மாரீஸ்வரன் பெண்டாட்டியையும் பிள்ளையையும் அடித்தது குற்றம். முத்துமாரி போலீசில் புகார் கொடுக்க எனக்கு முழுச் சம்மதம். அவள் அப்பா வீட்டுக்கு ஊர் விலக்கு கிடையாது. அவளைத் திருப்பி அனுப்புவதாகச் சங்கம் எடுத்த முடிவை ரத்து செய்ய வேண்டும். இது என் கையெழுத்து, என் முத்திரை.

ஆறுமுகம், பிள்ளைக்கு ராத்திரி வலி தெரியாமல் இருக்கக் கைக்குக் கீழே தலையணை வைத்துப் படுக்கப் போடு. கட்டுக்குள் அரித்தால் குச்சி விட விடாதே. எந்தக் கையால் சாப்பிடுகிறாள்? கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தூங்கினால் எழுப்பாதே, பயத்தில் அப்படித்தான் இருக்கும். கொஞ்ச நாளில் போய்விடும். சிலருக்குப் போகாது.

சொரிமுத்து, ஊர்த் தலைவர்
எழுதியது: உலகம்மாள்

*

தாராவி
2.11.2023

அன்புள்ள அண்ணனுக்குக் கோடி வணக்கம். உங்கள் கண்ணும் காதும் நன்றாக இருக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தைச் சங்கத்தில் நானே படித்தேன். இந்தத் தடவை வாசலில் நிற்கவில்லை, பாயில் உட்கார்ந்து படித்தேன். செயலாளர் முத்திரையை வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்தார். பிறகு மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டார். மறுநாளே புகார் கொடுத்தாயிற்று. சாட்சிக்கு ஷரீஃபுன்னிசாவும் மராட்டிக்காரிகள் இரண்டு பேரும் கூட வந்தார்கள். மாரீஸ்வரனைப் பிடித்துப் போனார்கள், ஜாமீனில் வந்து இப்போது மான்குர்த்தில் சிநேகிதன் ரூமில் இருக்கிறான். எங்கள் கல்லிக்குள் கால் வைக்கக் கூடாது என்று கோர்ட்டில் சொல்லிவிட்டார்கள். உலகு பள்ளிக்கூடம் போகிறாள். வலது கையால்தான் சாப்பிடுகிறாள்.

பிள்ளை எந்தக் கையால் சாப்பிடுகிறது என்று என் அண்ணன் கேட்டு, நான் பிறந்து வளர்ந்ததிலிருந்து இதுதான் முதல் தடவை. கேட்ட அண்ணனுக்கு என் கும்பிடு. எழுதிய கைக்கு ஒரு முத்தம்.

ஆறுமுகத்தாய்

*

கீழப்பாறைக்குளம்
21.11.2023

ஆறுமுகத்தாய்க்கு,

தீபாவளிக்கு ஊருக்கு வந்த சங்கச் செயலாளர் காதில் கத்திச் சொன்ன பிறகுதான் எனக்கு விஷயம் தெரியும். அப்படி ஒரு கடிதம் நான் சொல்லவில்லை. பிள்ளைக்குக் கை உடைந்தது என்ற உன் கடிதத்தையே அவள் எனக்குப் படிக்கவில்லை. என் முத்திரையைத் திருடி, பெற்ற மகனைப் போலீசில் மாட்டிவிட்டாள்.

அந்தக் கடிதம் செல்லாது என்று சங்கத்துக்கு எழுதிவிட்டேன். உலகம்மாள் இனி யாருக்கும் எதுவும் எழுதமாட்டாள். அவளைப் பற்றி நீ விசாரிக்கவும் வேண்டாம்.

சொரிமுத்து, ஊர்த் தலைவர்
எழுதியது: ரேஷன் கடை எழுத்தர்

*

தாராவி
27.11.2023

சொரிமுத்து அண்ணனுக்கு,

சுகம் விசாரிக்க மனசில்லை. என் மதினி எங்கே? வலது கையை என்ன செய்தீர்கள்?

உங்கள் கடிதத்தை முத்துமாரிக்குப் படித்துக் காட்டினேன். பயந்துவிடுவாள் என்று நினைத்தேன். "கோர்ட்டு உத்தரவுக்கு இவுக முத்திர வேண்டாம் சித்தி. எங்க அப்பாவ விலக்குனா கலெக்டர்ட்ட மனு குடுப்பேன். மொதல்ல அத்தைய கூட்டிட்டு வாங்க" என்றாள். இத்தனை நாள் நம் எல்லாருக்கும் பயந்து குக்கர்மேல் பழி போட்ட பெண் அவள்.

நாளை நானும் ஷரீஃபுன்னிசாவும் ரயில் ஏறுகிறோம். அவளுக்குத் தமிழில் பத்து வார்த்தைகூடத் தெரியாது. பெட்டியில் முதலில் வைத்தது இரண்டு தட்டு, இரண்டு கரண்டி. இந்தக் கடிதம் உங்களுக்கு வந்து சேரும் முன்னால் நாங்கள் வந்துவிடுவோம். உங்கள் வாசலில் வேற்று ஜனம் தட்டு அடிக்கத்தான் போகிறது. நம் ஜனமும் கூட நின்று அடிக்கும்.

ஆறுமுகத்தாய்

*

தாராவி, மும்பை
18.12.2023

மாரீஸ்வரனின் அப்பாவுக்கு உலகம்மாள் எழுதுவது. ஆறுமுகத்தாயோடும் ஷரீஃபுன்னிசாவோடும் நான் இங்கே சுகமாக வந்து சேர்ந்தேன். உங்கள் பிரஷர் மாத்திரை அலமாரியில் இரண்டாவது தட்டில் இருக்கிறது. காலையில் ஒன்று, சாப்பிட்ட பிறகு.

வலது கை விரல்கள் இன்னும் சரியாக மடங்கவில்லை. நாலு நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தாலும் படிக்க முடியும். பேனாவைப் பிடிக்க இங்கே உலகுதான் உதவி செய்கிறாள். எனக்கு விரல் மடங்காது, அவளுக்கு மணிக்கட்டு திரும்பாது.

முப்பத்தைந்து வருஷத்தில் இடது கை மூன்று தடவை, ஒரு காது, முன் பல் இரண்டு, கடைசியாக இந்த வலது கை. ஒரு தடவைகூடக் கிணறு இல்லை. நீங்கள் அடித்த ஒவ்வொரு தடவையும் மாரீஸ்வரன் கதவுப் பக்கம் நின்று பார்த்தான். நான் அவனிடம், "ஒண்ணுமில்லல, போய் வெளயாடு" என்றேன். அவன் என்னிடம் கற்றுக்கொண்டது அந்த 'ஒண்ணுமில்ல'தான். அந்தப் பாவம் என்னுடையது. "உலகம்மாளும் இதையேதான் சொல்கிறாள்" என்று நீங்கள் சொல்ல, அதையும் என் கையாலேயே எழுதினேன். அதுவும் என்னுடையது. முத்திரையை எடுத்தது பாவமில்லை.

மாரீஸ்வரன் வழக்கில் வருகிற மாதம் சாட்சி சொல்லப் போகிறேன். நான் பெற்ற பிள்ளைதான். ஆனாலும் போவேன். அதற்குப் பிறகு உங்கள்மேலும் ஒரு புகார் எழுதி வைத்திருக்கிறேன். மையத்து மேடம் ஊரிலேயே பதிவு செய்ய ஏற்பாடு செய்வதாகச் சொல்லியிருக்கிறார்.

இந்தக் கடிதத்தைக் கதவைச் சாத்திக்கொண்டு உங்கள் காதில் படிக்க இனி நான் அங்கே இல்லை. ரேஷன் கடை எழுத்தர் உங்கள் காதருகே வரமாட்டார். வாசலில் நின்று கத்தித்தான் படிப்பார். குழாயடியில் தண்ணீர் பிடிக்கிறவர்களுக்குக் கேட்கும், முத்துமாரியின் அப்பா வீட்டுக்குக் கேட்கும், கோயில் வரைக்கும் கேட்கும். பாதியில் நிறுத்தச் சொல்லாதீர்கள். உங்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை என்றால் முதலிலிருந்து மறுபடியும் படிக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உலகம்மாள்
எழுதியது: உலகம்மாள்